ஒரே பந்தியில் ஒரு சபை: வன்னியில் தொடங்க நினைப்பவர்களுக்கு

போன மாதம் மல்லாவிப் பக்கமிருந்து ஒரு தம்பி அழைத்தார். "அக்கா, உங்களை மாதிரி நாங்களும் ஒரு சாப்பாட்டுச் சபை தொடங்கப்போறம். கிடாரம், கோப்பை எல்லாத்துக்கும் விலை கேட்டு வைச்சிட்டம்" என்றார். சாப்பாட்டுச் சபை என்றால், ஞாயிறில் ஊர்ச் சனம் ஒன்றாக இருந்து சாப்பிட்டு, பிறகு பாடி வேதம் வாசிக்கிற ஒரு கிறிஸ்தவக் கூடுகை. 2021 இன் கடைசியில் எனக்கும் அதே உற்சாகம்தான். எதற்கெல்லாம் காசு போகும், யார் யார் கோபிப்பார்கள், எந்த இடத்தில் மனம் விட்டுப்போகும் என்று அப்போது யாராவது என்னை இருத்திவைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பாரம் குறைந்திருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. தம்பிக்கு அவசரத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில், தருமபுரத்துக்கு உட்பக்கமாக ஒரு கிராமத்தில் நான் முன்பள்ளி ஆசிரியை. கணவர் கட்டாரில். வீட்டில் மாமியும் நானும் இரண்டு பிள்ளைகளும். சிறுவயதிலிருந்தே சபையில் வளர்ந்தவள். ஆராதனை முடிந்த கையோடு எல்லாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கலைந்துபோவதுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. வருடக்கணக்காக ஒரே வாங்கில் இருந்து பாடுகிற இருவர், மற்றவருடைய குசினிக்குள் ஒரு நாளும் கால் வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற சனம் அதிகம். போரில் கணவனை இழந்தவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற முதியவர்கள், காலையில் ஒருதரம் உலை வைத்து அதையே இரவுக்கும் மூடி வைக்கிறவர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 2 ஆம் அதிகாரத்தில் முதல் விசுவாசிகள் வீடுகள்தோறும் அப்பம் பிட்டுச் சேர்ந்து சாப்பிட்டார்கள் என்று வாசிக்கிறோம். நாங்களோ, சபையாக இருந்து சாப்பிடுகிற அன்பின் விருந்தை வருடத்தில் ஓரிரு நாளோடு முடித்துவிடுகிறோம். தேடிப் பார்த்தால் இது ஒன்றும் புதுமையும் இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டில் இருந்த மொரேவியர் என்ற கிறிஸ்தவச் சபையார் 1727 இலேயே அன்பின் விருந்தை மீண்டும் தொடங்கினார்கள். அவர்களிடமிருந்து ஜோன் வெஸ்லி எடுத்து மெதடிஸ்த மக்களிடையே பரப்பினார். நியூயோர்க்கில் சென்ற் லிடியா என்றொரு சிறிய சபை, சேர்ந்து சமைப்பதையும் சாப்பிடுவதையும் பாத்திரம் கழுவுவதையுமே ஆராதனையாக வைத்திருந்தது. அடுக்குமாடிகளில் தனித்துப்போனவர்களுக்கு அங்கே அது சரிவந்தது என்றால் எங்கள் சனத்துக்கு ஏன் சரிவராது என்று நினைத்தேன். ஞாயிறு பின்னேரம் நான்கு மணி, எங்கள் வளவில், மாமரத்தின் கீழ் என்று முடிவு செய்தேன்.

முதலில் காசுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை யாரும் வெளியில் சொல்வதில்லை. பெரிய கிடாரம் ஒன்று, சின்னது ஒன்று, எவர்சில்வர் கோப்பைகள், பேணிகள், பாய்கள், இரட்டை அடுப்பும் காஸ் சிலிண்டரும், கிடுகு போட்ட கொட்டில், மழைக்குத் தறப்பாள் என்று தொடக்கத்திலேயே ஒன்றரை லட்சம் போய்விட்டது. மகளுக்கென்று பிடித்த சீட்டுக் காசு அது. பிறகு நாடே கவிழ்ந்தது. 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபரில் 2,675 ரூபா, 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 340 ஆனது. இரசாயனப் பசளையை 2021 இல் தடை செய்ததால் காலபோக நெல் விளைச்சல் விழுந்தது. "அறுவடைக்கு ரெண்டு மூடை நெல்லு என்ர பங்கு" என்று வாக்குத் தந்த கமக்காரர்களே கடையில் அரிசி வாங்கினார்கள். அவர்களிடம் வாய் திறந்து கேட்க எனக்கு மனம் வரவில்லை. காப்பு இரண்டும் அடகுக்குப் போயின. ஒரு வருடம் முடியும்போது மூன்று லட்சத்துக்கு மேல் கரைந்திருந்தது. கணவருக்குச் சொல்ல முடியாமல் இரவில் குசினிக்குள் இருந்து அழுதிருக்கிறேன்.

ஆகவே ஒரு சாமானும் வாங்காமல் தொடங்குங்கள். கிடாரம், அகப்பை, கதிரை எல்லாம் ஊரில் மரண உதவிச் சங்கத்திடமும் மாதர் சங்கத்திடமும் இருக்கும். சிறு தொகைக்குத் தருவார்கள். காஸை நம்ப வேண்டாம். விறகைக் கோடையிலேயே சேர்த்து நனையாமல் அடுக்கி வையுங்கள். தொடங்குவதற்கு நல்ல காலம் மாசி, பங்குனி. அறுவடை முடிந்து வீடுகளில் நெல் இருக்கும், சனத்துக்கும் மூச்சு விட நேரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சேறும், களை எடுப்பும், நெல் மூடை அடிதட்டின நேரமும் ஒன்றாக வரும். நான் தொடங்கியது அந்த நேரத்தில்தான். அளவையும் சொல்லிவிடுகிறேன்: 40 பேருக்கு 6 கிலோ அரிசி என்று எங்கேயும் சொல்வார்கள். வயல் வேலை செய்கிற சனம் இருந்தால் 7 கிலோ போடுங்கள், பருப்பு ஒன்றரைக் கிலோ.

காசை விட என்னைக் கூடுதலாக வருத்தியது ஊரின் கதை. சில கிழமைகளிலேயே "சோறு போட்டு மதம் மாத்துறா" என்று சந்தியில் கதைத்தார்கள். என் முன்பள்ளியிலிருந்து இரண்டு பிள்ளைகளை நிறுத்தினார்கள். எனக்கு அது சரியாக நொந்தது, ஏனென்றால் நான் யாரையும் சபைக்கு வா என்று கேட்டதில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. மீள்குடியேறிய காலத்தில், வீட்டில் ஒன்றுமே இல்லாமல் சனம் நின்றபோது, ஒரு கையில் சாமானும் மறு கையில் ஜெபமுமாக வந்தவர்களை இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆசைகாட்டி மதம் மாற்றுவதைத் தடுக்க 2004 இல் நாடாளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலமே வந்தது. அது சட்டமாகவில்லை, ஆனால் அந்தப் பேச்சு ஊர்களில் தங்கிவிட்டது. 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் இறந்த பிறகு, அறியாத ஆட்கள் கூடுகிற இடம் என்றாலே எல்லாருக்கும் ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. சிவில் உடையில் இரண்டு பேர் வந்து "இது பதிஞ்ச இடமோ?" என்று கேட்டார்கள். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

பிறகு விசாரித்து அறிந்தது இது. புதிய வழிபாட்டிடம் கட்டுவதற்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2008 இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. வீட்டில் கூடுகிற சிறு கூட்டங்களிடமும் அதைக் காட்டித்தான் கேள்வி கேட்டு வந்தார்கள். மறுபக்கம், ஒருவர் தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ தன் மதத்தை வழிபடலாம் என்று அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரை சொல்கிறது. இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் படலையடியில் நின்று சட்டம் கதைக்க வேண்டாம். தொடங்குவதற்கு முன்பே கிராம சேவகரிடம் போய், யார் வீடு, என்ன நேரம், எத்தனை பேர் என்று ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். பழைய திருச்சபை ஒன்றின் குருவானவர் உங்களை அறிந்தவராக இருந்து ஒரு கடிதம் தந்தால் பெரிய பலம். எங்களுக்குத் திருவிருந்து தருவதற்கு அப்படி ஒருவர் மாதத்தில் ஒருதரம் வருகிறார். பெயர்ப்பலகை வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

அதைவிட முக்கியம் கோயில் நிர்வாகத்தை முதலில் போய்ப் பார்ப்பது. எங்கள் ஊர் அம்மன் கோயில் தலைவர் எழுபது வயதுக்காரர், என் தகப்பனாரோடு படித்தவர். வீட்டுக்குப் போனேன். அவர் கோபிக்கவில்லை. திண்ணையில் இருத்தித் தேத்தண்ணி தந்து, "பிள்ளை, ஊருக்குச் சோறு குடுக்கிறதை நாங்கள் பிழை எண்டு சொல்லுவமோ? கோயில்லயும் அன்னதானம் குடுக்கிறம்தானே. நீங்கள் சோத்துக்கு முன்னுக்கு செபத்தை வைக்கிறியள். பசியோட வந்தவன் அதைக் கேக்காமல் எழும்பிப் போகேலுமோ?" என்றார். வீட்டுக்கு வந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறிலிருந்து ஒழுங்கை மாற்றினோம். சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்லி ஒரே ஒரு வரி. பிறகு எல்லாரும் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போடுகிறவர்கள் போட்டு, போக விரும்புகிறவர்கள் போவதற்கு அரை மணித்தியாலம். அதற்குப் பிறகுதான் பாட்டும் வேத வாசிப்பும். எழும்பிப் போகிறவரை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லி வைத்தேன். பாதிப் பேர் போனார்கள், இன்றும் போகிறார்கள். ஆனால் சந்திக் கதை மெல்ல அடங்கியது. நின்றுபோன பிள்ளைகளில் ஒன்று திரும்பவும் முன்பள்ளிக்கு வந்தது. மற்றச் சபைகளின் போதகர்மார் "எங்கட ஆடுகளைக் களவெடுக்கிறா" என்று சொன்னதற்கும் நேரம்தான் மருந்தாக இருந்தது: காலையில் எல்லாரும் தங்கள் சபைக்குப் போகட்டும், காணிக்கை அங்கேயே போடட்டும், பின்னேரம் இங்கே வரட்டும்.

இனிச் சொல்லப்போவது வன்னிக்கே உரியது, வேறு எந்த நாட்டு அனுபவத்திலும் கிடைக்காது. தொடக்கத்தில் மேசையில் கிடாரத்தை வைத்து, சனம் கோப்பையோடு வந்து வாங்கிப்போகிற மாதிரி ஒழுங்கு செய்திருந்தோம். அதுதான் சுலபம். ஒரு பெரியம்மா, விசுவமடுவிலிருந்து மகளோடு வந்து இருப்பவர், வரிசையில் பாதி வரை வந்தார். முன்னால் ஏழெட்டுப் பேர். கோப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். திடீரென்று அதை வாங்கில் கவிழ்த்து வைத்துவிட்டுப் படலையைத் திறந்து போய்விட்டார். சுகமில்லையாக்கும் என்று நினைத்து மறுநாள் வீட்டுக்குப் போனேன். "சுகத்துக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. மெனிக்பாமில வரிசையில நிண்டு கோப்பை நீட்டினது போதும். இனிச் சாகும்வரைக்கும் நீட்டமாட்டன்" என்றார். 2009 இல், போரின் முடிவில், ஏறத்தாழ 3 லட்சம் சனம் மெனிக்பாம் போன்ற முகாம்களுக்குள் போனது. அதற்கு முன் கடைசி மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றதும் இங்கே ஒவ்வொரு உடம்பிலும் இருக்கிறது. என் உடம்பிலும் இருக்கிறது. அன்று மாமியோடு அதைப் பற்றி வெகுநேரம் கதைத்தேன். அவரும் அதற்கு முன் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து பந்திதான். எல்லாரும் முதலில் இருக்க வேண்டும். சமைத்தவர்கள் பரிமாற வேண்டும். கடைசியில் ஓரமாக இருப்பவரிடமிருந்து பரிமாறத் தொடங்க வேண்டும். "போதுமோ?" என்று கேட்காமல் "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்க வேண்டும். வேலை இரண்டு மடங்கு, நாரி நோகும், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். போர் முடிந்த நாளான மே மாதம் 18 ஐ அண்டிய ஞாயிறில் எங்கள் பந்தியில் கஞ்சி மட்டும்தான். அரிசி, உப்பு, கிடைத்தால் தேங்காய்ப்பால். அன்றைக்கு மதம் பார்க்காமல் ஊரே வரும்.

சாதியைப் பற்றி எழுதாமல் விட்டால் மிச்சம் எல்லாம் பொய்யாகிவிடும். வருகிறார்கள், கதைக்கிறார்கள், பாடுகிறார்கள். சாப்பாட்டு நேரம் "காலமை சாப்பிட்டது சமிக்கேல்லை" என்று பிளேன்ரீயோடு நின்றுவிடுகிறார்கள். அல்லது "வீட்டை கொண்டு போறன், பார்சல் கட்டித் தாங்கோ" என்கிறார்கள். அந்தப் பார்சல் கோழிக்குப் போகிறது என்று பிறகு தெரிந்தது. யார் கிடாரத்தடியில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சிலர் வளவுக்குள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1920களின் கடைசியில் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம், சம போசனம் என்பதற்காக எவ்வளவு போராட்டம் நடந்தது என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இத்தனை இடம்பெயர்வுக்கும் இத்தனை சாவுக்கும் பிறகு, ஒரே பதுங்குகுழிக்குள் இருந்த சனம், அதுவும் ஞானஸ்நானம் பெற்ற சனம், இதை இன்னும் தூக்கிக்கொண்டு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மாதங்களில் இருந்ததைப்போல் நான் ஒரு நாளும் தனித்துப்போனதில்லை. யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூத ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டதையும், பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்ததையும் கலாத்தியர் 2 ஆம் அதிகாரத்தில் வாசித்து வாசித்துத்தான் நின்றேன்.

கடைசியில் செய்தது இது. சமையலுக்கு நான்கு குழு. யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். எந்தக் கிழமை எந்தக் குழு சமைக்கிறது என்று முன்கூட்டி அறிவிப்பதில்லை. நோயாளி வீட்டுக்குத் தவிர பார்சல் இல்லை. இதற்காக மூன்று குடும்பங்கள் விலகின, அதில் ஒன்று எனக்கு நெருங்கிய சொந்தம். அந்த வீட்டுக் கலியாணத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் அது ஆறாத காயம்தான், ஆனால் ஒழுங்கை மாற்றவில்லை. நீங்கள் தொடங்கினால் முதல் நாளிலிருந்தே இப்படித் தொடங்குங்கள். இடையில் மாற்றும்போதுதான் அது ஒரு குடும்பத்தைக் குறிவைத்து எடுத்த முடிவு போலத் தெரியும்.

காசுப் பிரச்சினையை அவிழ்த்தவரும் அந்த விசுவமடுப் பெரியம்மாதான். பந்தி வந்தபிறகு ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர் திரும்பவும் நின்றுவிட்டார். கேட்டபோது, "வெறுங்கையோட வந்து எத்தினை நாளைக்குத் திண்டிட்டுப் போறது? எனக்கும் ஒரு மரியாதை இருக்குப் பிள்ளை" என்றார். நான் கடன்பட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறேன், அவர் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கடன்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! சேர்ந்து சாப்பிடுகிற சபை என்று பெயர் வைத்துக்கொண்டு, உண்மையில் நான் கொடுக்கவும் அவர்கள் வாங்கவுமாகத்தான் நடந்துகொண்டிருந்தது. "அப்ப உங்கட வேலியில நிக்கிற முருங்கையில ஒரு பிடி இலை கொண்டாங்கோ" என்றேன். அடுத்த ஞாயிறு சேலைத் தலைப்பில் முருங்கையிலையோடு நான்கு மணிக்கு முன்னமே வந்து, கிடாரத்தடியில் குந்தியிருந்து தானே உருவிப் போட்டார். வறை பரிமாறும்போது "இது என்ர இலை" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்.

அதைப் பார்த்துத்தான் பிடியரிசியைக் கொண்டுவந்தோம். எங்கள் பெண்களுக்கு அது பழக்கமான விசயம். உலைக்கு அரிசி போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடியை எடுத்து வேறு பேணியில் போட்டு வைப்பது. இப்போது வாரமுடிவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சுண்டு, இரண்டு சுண்டு வருகிறது. நாட்டரிசியும் சம்பாவும் பச்சையும் கலந்து வரும், வேக ஒரே நேரம் எடுக்காது, அதனால் சோறு கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். அரிசி இல்லாத வீடு தேங்காய், கத்தரிக்காய், விறகு, ஒரு குடம் நல்ல தண்ணீர், ஒன்றும் இல்லாவிட்டால் பாத்திரம் கழுவ இரண்டு கை. இன்று என் கையிலிருந்து கிழமைக்கு எண்ணெய், பருப்பு, மிளகாய்த்தூள் என்று இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு போகிறது. முன்பு சில கிழமைகளில் பன்னிரண்டாயிரம் வரை போனது. காப்பில் ஒன்றை மீட்டுவிட்டேன்.

வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதிக் கொட்டில் கப்பில் தொங்கவிடுங்கள், யாரும் புரட்டிப் பார்க்கலாம். எருசலேமிலேயே பந்தி விசாரிப்பில் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்ததால்தான் ஏழு பேரைத் தெரிவு செய்தார்கள். எங்கள் ஊரில் வராமல் இருக்குமா? வெளிநாட்டுக் காசிலும் கவனம். கனடாவில் இருக்கிற உறவினர் ஒருவர் சில மாதங்கள் அனுப்பினார், நல்ல மனம்தான். பிறகு பிள்ளைகள் சாப்பிடுகிற படம் கேட்டார். ஒரு படம் அனுப்பினோம். அது முகநூலில் "பசியால் வாடும் வன்னிச் சிறார்கள்" என்று வந்தது. அந்தப் பிள்ளையின் தாய் போனைக் கொண்டுவந்து என் முன் நீட்டி, "என்ர பிள்ளை வாடுதோ அக்கா?" என்று கேட்டாள். அவள் காலையில் தோட்டத்துக்கும் இரவில் தையலுக்கும் இருந்து பிள்ளையை வளர்க்கிறவள். அந்தக் காசை நிறுத்தச் சொல்லிவிட்டோம். சாப்பிடும்போது படம் எடுப்பதில்லை, அதில் மாற்றமில்லை.

சில்லறை விசயங்களும் உண்டு. புரட்டாதியிலும் கந்தசஷ்டியிலும் மரக்கறி மட்டும் சமையுங்கள், மற்ற நாட்களில் மீனோ கருவாடோ தனிச் சட்டியில், தனி அகப்பையோடு. குடித்துவிட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள், ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருக்க ஒரு பெரிய ஆளை ஏற்பாடு செய்யுங்கள். இருட்டுவதற்கு முன் முடியுங்கள். பெண்கள் தனியே நடக்கிற பாதை, யானை வருகிற ஊர்களும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு அடுப்பு மூட்டாதீர்கள். அதை நான் வெகுகாலம் கழித்துத்தான் செய்தேன், அதற்குள் நாரிப்பிடிப்புக்கு எண்ணெய் பூசப் பரியாரியிடம் போகவேண்டி வந்தது.

போன வருடம் லண்டனிலிருந்து ஒருவர் மண்டபம் கட்டித் தருவதாகச் சொன்னார். எல்லாரையும் இருத்திக் கேட்டோம். கட்டடம் வந்தால் பெயர்ப்பலகை வரும், அனுமதிக்கு அலைய வேண்டும், திறப்பு யார் கையில் என்று கதை வரும், பிறகு கோயிலுக்குப் போகிற வீட்டுக்காரர் உள்ளே வரத் தயங்குவார்கள் என்று சனமே சொன்னது. நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். இப்போது தேவை, மாரிக்கு முன் கொட்டிலுக்குப் புதுக் கிடுகும் கிணற்றடியில் கை கழுவ ஒரு சீமெந்துத் தொட்டியும்தான். இரண்டுக்கும் 65,000 வரை போகும் என்று மேசன் சொல்கிறார். தொட்டிக்குரிய காசு கொப்பியில் சேர்ந்துவிட்டது. கிடுகைச் சனம் தங்கள் தங்கள் வீட்டில் பின்னிக்கொண்டிருக்கிறது.